கெய்ட்லின் கிளார்க்கை முதல் சீசனில் வேண்டுமென்றே இடித்தார்களா?

நெல்லை_செல்வா (இழையைத் தொடங்கியவர்)

கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் உட்கார்ந்து பார்க்காதவன் நான். அக்கா மகள் பள்ளி அணியில் கூடைப்பந்து ஆட ஆரம்பித்த பிறகு வீட்டு டிவி அவள் கைக்குப் போய்விட்டது. எந்நேரமும் டபிள்யூஎன்பிஏ, அதாவது அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் தான் ஓடுகிறது.

அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. கெய்ட்லின் கிளார்க் அயோவா பல்கலைக்கழகத்துக்காக 3,951 புள்ளி எடுத்தவர். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் ஆண், பெண் யாரும் அதைத் தொட்டதில்லையாம். அப்படிப்பட்டவர் 2024இல் இண்டியானா ஃபீவர் அணிக்கு வந்த முதல் வருட வீடியோக்களைப் பார்த்தால் பாதி நேரம் தரையில் கிடக்கிறார். ஒருவர் தோளால் இடிக்கிறார், இன்னொருவர் தலையில் தட்டுகிறார், வேறொருவரின் விரல் கண்ணுக்குள் போகிறது.

புதிதாக வந்த பெண்ணுக்கு இத்தனை பேரும் புகழுமா என்ற கடுப்பில் இடிக்கிறார்களா, இல்லை அந்த லீக்கில் ஆட்டமே இப்படித்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இண்டி_ரமேஷ்

செல்வா, நான் இருப்பது இண்டியானாபோலிஸில். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், குறிவைத்துத்தான் இடித்தார்கள்.

2024 ஜூன் 1, சிகாகோ ஸ்கை அணியுடன் ஆட்டம். மூன்றாவது கால்பகுதி முடியப் போகிறது. பந்து இன்னும் கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. பாஸுக்காக கிளார்க் நிற்கிறார். செனடி கார்ட்டர் பக்கவாட்டில் வந்து கொடுத்த இடியில் ஆள் கீழே. பந்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நடுவர்கள் கொடுத்தது சாதாரண ஃபவுல். மறுநாள் லீக் வீடியோவைப் பார்த்துவிட்டு ஃபிளேக்ரன்ட் 1 (தேவையற்ற தொடுகைக்கான கடுமையான ஃபவுல்) என்று மாற்றியது. அந்த ஆட்டத்தை ஃபீவர் 71-70 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தது. தோற்றிருந்தால் மறுநாள் மாற்றி யாருக்கு என்ன லாபம்?

ஜூன் 16, அதே சிகாகோ. ஏஞ்சல் ரீஸ் ஷாட்டைத் தடுக்கப் போய் தலையில் அடித்தார். அதற்காவது அங்கேயே ஃபிளேக்ரன்ட் கொடுத்தார்கள். செப்டம்பர் 22, பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் நடக்கும் கோப்பைச் சுற்று) முதல் ஆட்டம்: கனெக்டிகட் சன் அணியின் டிஜோனே கேரிங்டன் விரல் கண்ணில் பட்டு, கண் கறுத்துப்போனது. அதற்கு விசிலே இல்லை.

இத்தனையும் தற்செயல் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

சும்மா_படிப்பவன்

நல்ல இழை. ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

பழைய_பாயிண்ட்கார்டு

ரமேஷ் சொன்ன மூன்று சம்பவங்களும் நடந்தவைதான், மறுக்கவில்லை. கார்ட்டர் செய்ததை நியாயப்படுத்தவே முடியாது. ஆனால் 40 ஆட்டம் கொண்ட சீசனை மூன்று வீடியோவை வைத்து எடைபோட்டால், அந்தப் பெண்ணுக்கு உண்மையில் எது கஷ்டமாக இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். பல்கலைக்கழக அணியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்துபவளாக, ஆடியவள் என்ற முறையில் சொல்கிறேன், அவரைத் திணற வைத்ததில் பெரும்பகுதி விதிக்கு உட்பட்ட ஆட்டம்தான்.

முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே 14, கனெக்டிகட்டில். கிளார்க் 20 புள்ளி எடுத்தார், பந்தை 10 முறை பறிகொடுத்தார். 15 ஷாட்டில் 5 தான் உள்ளே போனது. 92-71 என்று தோல்வி. முழு ஆட்டமும் கிடைத்தால் பாருங்கள். துணுக்குகளில் இது தெரியாது.

ஃபீவர் பந்தை எடுத்து வரத் தொடங்கும்போதே கேரிங்டன் அவரோடு ஒட்டிக்கொள்கிறார், அதுவும் கோர்ட்டின் அந்தக் கோடியிலிருந்தே. நடுக்கோடு தாண்டுவதற்குள் இரண்டு மூன்று முறை திசை மாற்ற வேண்டியிருக்கிறது. ஷாட் கடிகாரம், அதாவது ஷாட் எடுக்கக் கிடைக்கும் நேரம், 24 நொடி. கல்லூரியில் 30. அந்த ஆறு நொடி எங்கே போயிற்று என்பது முதல் மாதத்தில் எந்த ரூக்கிக்கும் (முதல் வருட ஆட்டக்காரருக்கும்) விளங்காது. ஒருவழியாக முன்னே வந்தால் சக ஆட்டக்காரர் அலியா பாஸ்டன் வந்து ஸ்கிரீன் போடுகிறார், அதாவது ஊன்றி நின்று காவல்காரரை மறிக்கிறார். உடனே பாஸ்டனைக் காவல் காக்கும் உயரமான ஆளும் கிளார்க் மேல் பாய்கிறார். இப்போது இரண்டு பேர், நான்கு கை. கல்லூரியிலும் இரண்டு பேர் வந்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு மேலே எம்பி மூலையில் நிற்பவளுக்கு எறிந்துவிடலாம். இங்கே எறிந்த பந்து போய்ச் சேருவதற்குள் அலிசா தாமஸ் போன்ற ஒருவர் குறுக்கே வந்து நிற்பார். அவருக்கு அப்போதே பத்து வருட அனுபவம்.

அப்புறம் முன்கை. பந்தோடு போகும் ஆளின் இடுப்பில் முன்கையை மெல்ல வைத்துக்கொள்வார்கள். தள்ளுவது இல்லை, சும்மா வைத்திருப்பது. விதிப் புத்தகப்படி அதற்கு இடமில்லைதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் விசில் வராது. அந்தக் கை இருந்தால் நீங்கள் நேராக ஓட நினைத்த பாதை அரையடி விலகிவிடும். அந்த அரையடி விலகியதும் மூணு பாயிண்ட் ஷாட் கால் ஊன்றாமல் போகிறது, கூடையை நோக்கிப் போனால் கோணம் கெட்டுப்போகிறது. அடி என்று நான் சொல்வது இதைத்தான். யூடியூபில் இதற்கெல்லாம் துணுக்கு போட மாட்டார்கள்.

இண்டி_ரமேஷ்

> அவரைத் திணற வைத்ததில் பெரும்பகுதி விதிக்கு உட்பட்ட ஆட்டம்தான்

நீங்களே அடுத்த பத்தியில் விதிப் புத்தகப்படி அதற்கு இடமில்லை என்கிறீர்களே அக்கா!

பழைய_பாயிண்ட்கார்டு

"பெரும்பகுதி" என்றேன் ரமேஷ், "முழுவதும்" என்று சொல்லவில்லை :) அந்த முன்கை விஷயத்தில் நடுவர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு மாதிரி நடந்துகொள்வது உண்மைக் குறைதான். ஆனால் அது கிளார்க்குக்கு மட்டும் நேர்ந்தது இல்லை.

நடுவர்_நாகு

மாவட்ட அளவில் விசில் ஊதுகிறவன் நான். செல்வாவுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டபிள்யூஎன்பிஏவில் ஒருவர் 6 ஃபவுல் செய்தால் வெளியே. கல்லூரியில் 5. தேவையற்ற தொடுகை என்றால் ஃபிளேக்ரன்ட் 1: அடிபட்டவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர் அணிக்கே. தேவையற்றது மட்டுமல்லாமல் அளவும் மீறியது என்றால் ஃபிளேக்ரன்ட் 2, ஆளை உடனே வெளியேற்றிவிடுவார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் லீக் வீடியோ பார்த்து ஏற்றலாம், இறக்கலாம்.

பி.டி. வாத்தியார்கள் உடல் படாத ஆட்டம் என்று சொல்லித் தருவது சின்னப் பிள்ளைகளுக்காக. நின்ற இடத்தில் நிற்க எல்லோருக்கும் உரிமை உண்டு. சரியாக ஊன்றி நின்ற ஸ்கிரீனில் நீங்கள் போய் மோதினால் விலா வலிக்கும், ஆனால் ஃபவுல் கிடையாது. ஒரு விஷயத்தில் மட்டும் ரமேஷ் பக்கம்தான் நான். பந்து உயிரோடு இல்லாதபோது நடக்கும் இடியைக் கண்ணெதிரே விட்டுவிட்டால், அடுத்த பத்து நிமிடம் கோர்ட்டில் யாரும் நடுவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

டெட்ராய்ட்_தாத்தா

பிள்ளைகளா, இந்த லீக் 2024இல்தான் முரட்டுத்தனமாக மாறியது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

2008 ஜூலை 22, ஆபர்ன் ஹில்ஸ் அரங்கம். டெட்ராய்ட் ஷாக் அணிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் அணிக்கும் ஆட்டம். ஸ்பார்க்ஸில் அந்த வருடம் வந்த ரூக்கி கேண்டஸ் பார்க்கர். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் அவருக்கும் பிளெனெட் பியர்சனுக்கும் கைகலப்பு. இரண்டு பெஞ்சும் காலி. டெட்ராய்டின் உதவிப் பயிற்சியாளர் ரிக் மஹோர்ன் விலக்கிவிட வந்தார், அந்தக் களேபரத்தில் லிசா லெஸ்லி கீழே விழுந்தார். தலைமைப் பயிற்சியாளர் யார் தெரியுமா? பில் லேம்பியர். ஆண்கள் லீக்கில் பழைய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் முரட்டு சென்டர் ஆட்டக்காரர். அவர் வளர்த்த அணி பூச்செண்டா கொடுக்கும்? சண்டையை விலக்கப் போன ஷெரில் ஃபோர்டுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. பாவம், அடித்தவரும் அவர் இல்லை, அடிபட்டவரும் அவர் இல்லை. பியர்சனுக்கு 4 ஆட்டம் தடை, மஹோர்னுக்கு 2, பார்க்கருக்கு 1.

அந்த வருடமே பார்க்கர் சிறந்த ரூக்கி விருதையும் லீக்கின் சிறந்த வீராங்கனை விருதையும் சேர்த்து வாங்கினார். பார்க்கருக்கு உயரமும் உடம்பும் இருந்தது, திருப்பிக் கொடுக்க முடிந்தது. கிளார்க் ஆறடிதான், மெலிந்த உடம்பு. அந்த வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும்.

வாணி_மதுரை

இதுவரை யாரும் தொடாத ஒன்று. 2024இல் லீக்கில் 12 அணி, அணிக்கு அதிகபட்சம் 12 பேர். மொத்தம் 144 வேலைதான். ஒவ்வொரு வருடமும் டிராஃப்டில் (அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுக்கப்படுகிறவர்களில் நிறையப் பேர் மே மாதமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர்கள் லேசில் விட மாட்டார்கள். முதல் இடத்தில் எடுக்கப்பட்ட கிளார்க்குக்கே அந்த வருடச் சம்பளம் 76,535 டாலர்தான். விளம்பர வருமானம் தனி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு முப்பது வயதுக்காரி 22 வயதுப் பெண்ணுக்கு வழிவிட்டு நிற்பாள் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

இன்னொன்று, ரமேஷ் கோபித்துக்கொள்ளக் கூடாது. கார்ட்டர் சம்பவத்துக்குப் பிறகு சிகாகோ வீராங்கனைகள் தங்கிய ஹோட்டல் வாசலிலேயே ஒருவன் கேமராவோடு போய் நின்றான். பிளேஆஃப் சமயத்தில் கேரிங்டனுக்கு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. இனவெறி வசவுகளை லீக்கே அறிக்கை விட்டுக் கண்டிக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஒவ்வொரு ஃபவுலையும் "பொறாமை" என்று சுருக்குவதில் இதுவும் ஒளிந்திருக்கிறது.

ஏஞ்சல் ரீஸும் அதே வருட ரூக்கிதானே? மே 25 அன்று அலிசா தாமஸ் அவரைக் கழுத்துப் பக்கம் பிடித்துக் கீழே தள்ளியதற்கு ஃபிளேக்ரன்ட் 2, தாமஸ் வெளியேற்றம். அதற்காக யாரும் ஊர்வலம் போகவில்லை.

இண்டி_ரமேஷ்

கோபமெல்லாம் இல்லை வாணி. ஹோட்டல் வாசலில் போய் நிற்பவன் ரசிகனே இல்லை. ஆனால் சில கிறுக்கர்களைக் காட்டி, "அவருக்கு ஃபவுல் கொடுக்கவில்லை" என்று கேட்கிற எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ரீஸ் விழுந்த வீடியோவைப் பார்த்து நானும்தான் கத்தினேன்.

நெல்லை_செல்வா

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, நன்றி. பழைய_பாயிண்ட்கார்டு அக்கா, ஒரு கேள்வி. அப்படித் திணறியவர் சீசன் முடிவில் சிறந்த ரூக்கி விருது வாங்கினாரே, நடுவில் என்ன மாறியது? உடம்பை ஏற்றினாரா?

பழைய_பாயிண்ட்கார்டு

சீசன் நடுவில் யாரும் உடம்பை ஏற்ற முடியாது தம்பி. எடை தூக்க நேரம் எங்கே? அவருடைய நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 7 அன்று கல்லூரி இறுதிப் போட்டியில் தென் கரோலினாவிடம் தோல்வி. ஏப்ரல் 15 டிராஃப்ட். மே 14 முதல் தொழில்முறை ஆட்டம். அதிலிருந்து 20 நாளில் 11 ஆட்டம், நடுவே விமானப் பயணம் வேறு. பயிற்சிக்கு ஒரு நாள் கிடைத்தாலே அதிசயம். ஃபீவர் முதல் 9 ஆட்டத்தில் 8 தோற்றது. கார்ட்டர் இடித்த மறுநாளே நியூயார்க்கில் ஆட்டம், அதில் கிளார்க் எடுத்தது 3 புள்ளி, அணி 104-68 என்று உதை வாங்கியது. அந்த வாரம் அவர் முகத்தில் தெரிந்த களைப்பு இடியால் வந்தது மட்டும் இல்லை.

மாறியது என்று நான் பார்த்தவை:

முதலாவது, பந்தை விடும் நேரம். மே மாதத்தில் இரண்டு பேர் வந்து சூழ்ந்த பிறகுதான் பாஸ் தேடினார். ஜூலையில் இரண்டாவது ஆள் கிளம்பும்போதே பந்து கையை விட்டுப் போய்விடுகிறது, ஸ்கிரீன் போட்டுவிட்டு நடுவில் திரும்பும் பாஸ்டன் கைக்கு. இடிக்க வருகிறவர் வந்து சேரும்போது அங்கே பந்து இல்லை. உடல் வலுவில் ஜெயிக்க முடியாதவர் நேரத்தில்தான் ஜெயிக்க வேண்டும், அதை ஆறேழு வாரத்தில் பிடித்துக்கொண்டார்.

தோழிகளுக்கும் பழகியது. ஆரம்பத்தில் அவருடைய பல பாஸ்கள் கையில் பட்டுத் தெறித்துப் போயின. பந்து அவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பழகியதும் கெல்சி மிட்செல் பாஸ் வருமுன்பே ஓடத் தொடங்கினார். எதிரணி காவலை நிலைநிறுத்துவதற்குள் ஷாட் முடிந்துவிடும். ஓடுகிற ஆளின் இடுப்பில் முன்கை வைக்க முடியாதே.

ஜூலை 6 நியூயார்க்குக்கு எதிராக 19 புள்ளி, 12 ரீபவுண்ட், 13 அசிஸ்ட். ரூக்கி ஒருவர் டிரிபிள் டபிள் (மூன்று கணக்கிலும் இரட்டை இலக்கம்) எடுத்தது லீக் வரலாற்றில் அதுதான் முதல் முறை. ஜூலை 17 டல்லஸுக்கு எதிராக 19 அசிஸ்ட், ஒரே ஆட்டத்தில் யாரும் அதுவரை செய்யாதது.

அப்புறம் ஒலிம்பிக் இடைவேளை. அமெரிக்க அணியில் அவரை எடுக்காதது அப்போது பெரிய ரகளை. அந்த ஒரு மாத ஓய்வு அவருக்குக் கிடைத்த வரம் என்பேன். திரும்பி வந்து ஃபீவர் 14இல் 9 ஜெயித்தது. 2023இல் 13 வெற்றி, 27 தோல்வி என்று கிடந்த அணி 20-20 என்று முடித்து, 2016க்குப் பிறகு முதல் முறையாக பிளேஆஃப் போனது. அங்கே மறுபடி அதே கனெக்டிகட், இரண்டுக்கு இரண்டும் தோல்வி.

இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த சீசனில் அவருக்கு 337 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்), 223 டர்ன்ஓவர் (பந்தைப் பறிகொடுத்தது). இரண்டுமே அப்போது ஒரு சீசனுக்கான லீக் சாதனை. பயந்து பாதுகாப்பாக ஆடியிருந்தால் இரண்டாவது எண் குறைந்திருக்கும், முதலாவதும் கூடவே குறைந்திருக்கும்.

சும்மா_படிப்பவன்

டர்ன்ஓவரில் சாதனை படைத்து விருது வாங்கியவர் இவர் ஒருவர்தான் போல.

டெட்ராய்ட்_தாத்தா

67 ஓட்டில் 66 அவருக்குத்தான் விழுந்தது. மிச்சம் ஒன்று ரீஸுக்கு.

இண்டி_ரமேஷ்

அக்கா சொன்ன ஆட்ட நுணுக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2025க்கு என்ன பதில்? அந்த வருடம் தோள், கை எல்லாம் திடமாகி வந்தார். ஸ்டெஃபனி வைட் பயிற்சியாளராக வந்தார். ஜூன் 17, மறுபடி கனெக்டிகட். ஜேசி ஷெல்டன் விரல் கண்ணில் படுகிறது, கிளார்க் அவரைத் தள்ளுகிறார், மரீனா மேப்ரி ஓடி வந்து கிளார்க்கை இரண்டு கையாலும் தரையில் தள்ளுகிறார். அங்கே மேப்ரிக்குக் கிடைத்தது டெக்னிக்கல் (நடத்தைக்கான ஃபவுல்) மட்டும். மறுநாள் லீக் ஃபிளேக்ரன்ட் 2 ஆக்கியது. ஆட்டத்திலேயே கொடுத்திருந்தால் ஆளே வெளியே போயிருப்பார். மறுபடி அதே "மறுநாள்" கதை.

கடைசி நிமிடத்தில் சோஃபி கன்னிங்ஹாம் ஷெல்டனைப் பிடித்து இழுத்துப் போட்டு வெளியேறினாரே, அன்றைக்கு இந்த ஊரில் அவருக்குக் கிடைத்த மரியாதை தனி. நடுவர் பார்க்காவிட்டால் சக ஆட்டக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடுவர்_நாகு

இதைத்தான் பயந்தேன். ஃபீவர் அந்த ஆட்டத்தில் நன்றாக முன்னிலையில் இருந்தது, 88-71 என்று ஜெயித்தும்விட்டது. 46 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த ஃபவுல் எதற்கு? ஷெல்டன் தலைகீழாக விழுந்திருந்தால்? ரசிகர்களுக்குக் குஷி, சரி. அதை ஒரு ஏற்பாடாகவே ஆக்கிவிட்டால் அணிக்கு ஓர் அடியாள் என்று ஆகிவிடும்.

கிளார்க்கும் ஒன்றும் தெரியாத பாப்பா இல்லை. 2025 மே 17 சிகாகோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர் ரீஸ் மேல் செய்த ஃபவுலையும் வீடியோ பார்த்து ஃபிளேக்ரன்ட் 1 ஆக ஏற்றினார்கள். சரியான தீர்ப்பு. கொடுக்கவும் கற்றுக்கொண்டார்.

வாணி_மதுரை

2025இல் அவர் 13 ஆட்டம்தான் ஆடினார். இடியினால்தான் என்று பலர் எழுதுகிறார்கள். காயங்கள் தொடைத் தசையிலும் கவட்டிலும். யாரும் அடித்து வந்தவை இல்லை.

பழைய_பாயிண்ட்கார்டு

சரியாகச் சொன்னீர்கள் வாணி. தசை கூட்டியதால்தான் தசை பிடித்தது என்று சிலர் மருத்துவர் மாதிரிப் பேசுகிறார்கள், அதையும் நான் நம்பத் தயாராக இல்லை. அவர் இல்லாமலேயே ஃபீவர் ஜூலை 1 அன்று மினசோட்டாவை வீழ்த்தி, சீசன் நடுவே நடக்கும் கமிஷனர் கோப்பையை வென்றது, பிளேஆஃப் அரையிறுதியில் லாஸ் வேகாஸை ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்தது.

நடுவர் பிரச்சினைக்கு ஆதாரம் வேண்டுமென்றால் கிளார்க்கை விட்டுவிட்டு மினசோட்டா அணியின் நஃபீசா காலியரைப் பாருங்கள். 2025 அரையிறுதியில் அலிசா தாமஸோடு மோதிக் கணுக்கால் போனது, விசில் இல்லை. கத்திய பயிற்சியாளர் ஷெரில் ரீவுக்குத் தடை. சில நாளில் காலியர் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து லீக் தலைமையை வெளுத்து வாங்கினார். காலியர் ரூக்கி இல்லை, வெள்ளைக்காரர் இல்லை, யாரும் அவர்மேல் பொறாமைப்படவும் இல்லை. அதனால்தான் அவர் பேச்சுக்குக் கூடுதல் எடை என்று நினைக்கிறேன்.

நெல்லை_செல்வா

அப்படியானால் அடுத்த ரூக்கிகளுக்கும் இதே கதிதானா?

டெட்ராய்ட்_தாத்தா

2025இல் முதல் இடத்தில் வந்த பெய்ஜ் பெக்கர்ஸைப் பார், செல்வா. டல்லஸ் விங்ஸ். அவருக்கும் ஆறடிதான், மெலிந்த உடம்புதான். மே கடைசியில் தலையில் அடிபட்டுச் சில ஆட்டங்கள் உட்கார்ந்தார். ஆகஸ்டில் ஸ்பார்க்ஸுக்கு எதிராக 44 புள்ளி. சிறந்த ரூக்கியும் அவர்தான். ஆனால் அணி 10-34, கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது.

பழைய_பாயிண்ட்கார்டு

பெக்கர்ஸ் வந்தபோது வயது 23, கல்லூரியிலேயே முழங்கால் அறுவை சிகிச்சை, கோப்பை எல்லாம் பார்த்துவிட்டவர். அவர் ஆட்டமும் வேறு. நடுத்தூரத்தில் நின்று, எம்பி, போட்டுவிடுவார். 30 அடியிலிருந்து எறிகிறவரை அங்கேயே போய்ப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதனால் கோர்ட் முழுக்க உடல் படுகிறது. பெக்கர்ஸை அவ்வளவு தூரம் துரத்த வேண்டிய அவசியம் எதிரணிக்கு இல்லை. அடுத்து வருகிற பெண் எப்படி ஆடுகிறாள் என்பதைப் பொறுத்துத்தான் எங்கே இடி விழும் என்பதும்.

இண்டி_ரமேஷ்

முப்பது அடியிலிருந்து போட்டால் இடிக்கலாம் என்று எந்த விதியில் இருக்கிறது அக்கா? நாளை ஆஃபீஸ் முடிந்ததும் வருகிறேன், இதை விட மாட்டேன்.